‘காலியா இருந்தா விட்டுடு’: யார்டு மென்பொருளில் ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் மணலி, மாதவரம், திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டுகள் ஏராளம். சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என மூன்றுக்கும் போய்வரும் பெட்டிகள் இங்கே இறங்கி ஏறுகின்றன. பெரிய யார்டுகளிடம் பெரிய மென்பொருள் இருக்கும். சின்ன யார்டுக்காரர் தண்டையார்பேட்டையிலோ பெரம்பூரிலோ நாலு பேர் உட்கார்ந்து நடத்தும் குழுவிடம் எழுதி வாங்கிக்கொள்வார். தேவை என்ன என்று தனியாக ஆவணம் எதுவும் கிடையாது. அலைபேசியில் ஒரு குழு இருக்கும். அதில் வரும் செய்திகளே ஆவணம்.

கீழே வருவது ஒரே யார்டில் நடந்தது அல்ல. இந்த மாதிரி வேலைகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் கோளாறுகளை ஒரே உரையாடலில் கோத்த மாதிரி நிகழ்வு. தொகைகள் கணக்குக்காக வைத்தவை.

செய்தி வந்த இடம்

யார்டு வாசலில், அதாவது கேட்டில், பதிவாகும் ஒவ்வொரு ரோவிலும் (ஒரு பெட்டிக்கான ஒரு வரிப் பதிவில்) ஆறு தகவல்கள்: பெட்டி எண், அளவு, நிலை (சரக்கு அல்லது காலி), சீல் எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். பெட்டி எண்ணில் சிக்கல் வராது. ஐஎஸ்ஓ 6346 தரப்படி நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். தப்பாகத் தட்டினால் கணக்கு ஒத்துவராமல் பெரும்பாலும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். சீல் எண்ணுக்கு அப்படிக் காவல் இல்லை. பெட்டிக் கதவைப் பூட்டும் போல்ட் சீலில் (ஐஎஸ்ஓ 17712 தரம்) எண் பொறித்திருக்கும். கேட்டில் நிற்பவர் அதைப் பார்த்துத் தட்டுவார், அவ்வளவுதான்.

பெட்டி வெளியே போக அனுமதி தரும் கேட் பாஸ் திரையை எழுதிய புரோகிராமர் காலை 10:10க்குக் குழுவில் கேட்டார்: “அண்ணா, சீல் நம்பர் இல்லாம வர்ற ரோவுக்கு என்ன பண்றது?” பத்து நிமிடம் கழித்து வேறொருவர் பில் அறிக்கை பற்றிக் கேட்டார்: “ரிப்போர்ட்ல சில ரோ பாதி பாதியா வருதே, அதையும் சேர்க்கணுமா?” யார்டு சூப்பர்வைசர் அப்போது கிரேன் பக்கத்தில் இருந்தார். 11:40க்குப் பதில் போட்டார், எந்தக் கேள்விக்கு என்று சுட்டாமல்:

“தம்பி, காலியா இருந்தா விட்டுடு.”

இருவரும் “சரிணா” போட்டார்கள். அவரவர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சூப்பர்வைசர் நினைத்தது இது: பெட்டி காலியாக இருந்தால் சீல் கேட்காமல் வெளியே விட்டுவிடு. காலிப் பெட்டிக்குச் சீல் போடும் வழக்கம் இல்லை. யார்டில் இருப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். கேட் புரோகிராமர் எடுத்துக்கொண்டது: திரையில் சீல் எண் தட்டும் கட்டம் காலியாக இருந்தால் சோதனையைத் தாண்டிவிடு. பில் புரோகிராமர் எடுத்துக்கொண்டது: கட்டம் காலியாக இருந்தால் அந்த ரோவையே கணக்கில் சேர்க்காமல் விடு.

பள்ளியில் தோன்றா எழுவாய் என்று படித்தது இதுதான். ‘இருந்தா’ என்பதற்கு எழுவாய் வெளியே தெரியவில்லை. கேட்பவர் தன் கையில் இருக்கும் பொருளை அங்கே வைத்துக்கொள்கிறார். யார்டுக்காரர் கையில் பெட்டி, புரோகிராமர் கையில் கட்டம். ‘விட்டுடு’வுக்கும் அதே கதி: வெளியே அனுப்பு, கண்டுகொள்ளாதே, சேர்க்காதே. நேரில் பேசியிருந்தால் கை நீட்டிக் காட்டியதில் பாதி தெளிந்திருக்கும்.

எழுதத் தெரியாமல் எழுதிய வாக்கியம் என்று இதைத் தள்ளக் கூடாது. மூன்று பொருளும் நேரானவை, மூன்றும் அந்த இடத்துக்குப் பொருந்துபவை. பொருந்தாத பொருள் ஒன்று இருந்திருந்தால் யாராவது திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

ஏன் உடனே தெரியவில்லை

மூன்றாவது பொருளில் எழுதிய பில் அறிக்கை சீக்கிரம் மாட்டியது. காலிப் பெட்டிகள் எல்லாமே சீல் இல்லாதவை, ஆகவே அவை ஒட்டுமொத்தமாக அறிக்கையிலிருந்து காணாமல் போயின. கேட்டில் கையால் எழுதும் பெரிய ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டதும் அன்று மாலையே தெரிந்துவிட்டது. வடிகட்டும் நிபந்தனையை எடுத்தார்கள், ரோக்கள் திரும்பி வந்தன, “இப்ப ஓகே” என்று செய்தி போனது. அந்த வாக்கியத்தின் விவகாரம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

இரண்டாவது பொருள் அப்படியே உள்ளே இருந்தது. நிலை இரண்டு, சீல் உண்டு அல்லது இல்லை. ஆக நாலு வகைப் பெட்டிதான் கேட்டுக்கு வர முடியும். சரக்கு இருந்து சீலும் இருந்தால், சூப்பர்வைசர் சொன்னபடியும் பாஸ், புரோகிராமர் எழுதியபடியும் பாஸ். காலி, சீல் இல்லை: இரண்டின்படியும் பாஸ். காலி, ஆனால் சீல் எண் பதிவாகியிருக்கிறது: இதுவும் பாஸ். சரக்கு இருக்கிறது, சீல் இல்லை: சூப்பர்வைசர் கணக்கில் நிறுத்த வேண்டும், மென்பொருள் பாஸ் கொடுக்கிறது.

நாலு வகையில் மூன்றுக்கு இரண்டு பொருளும் ஒரே விடைதான். அந்த மூன்றில் முதல் இரண்டுதான் தினசரி வரும் வண்டிகள். நாலாவது எப்போதாவது வருவது. ஆனால் சீல் சோதனை என்ற ஒன்றை வைத்ததே அந்த நாலாவதைப் பிடிப்பதற்காக. சோதனைக்கு எடுத்த மாதிரி ரோக்கள் எல்லாம் பழைய ரிஜிஸ்டரிலிருந்து வந்தவை. அதில் ஒழுங்காகப் போன பெட்டிகளே இருந்தன. எத்தனை ரோ ஓட்டிப் பார்த்தாலும் பச்சைதான் காட்டும்.

இந்த ஆய்வில் வேறு எதையும் விட இதற்கே இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாசகத்தில் இரண்டு பொருள் இருப்பது பிரச்சினையின் பாதி. வழக்கமான வண்டிகளில் அந்த இரண்டும் ஒன்றுபோலவே நடப்பது மறு பாதி. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதும் ‘ஒரு உதாரணம் சொல்லுங்க’ என்று கேட்பதும் இங்கே உதவாது; உதாரணம் கேட்டால் யாரும் வழக்கமான வண்டியைத்தான் சொல்வார்கள். இரண்டு பொருளும் பிரியும் ரோ எது என்று தேடி, அதை வைத்துத்தான் கேட்க வேண்டும்.

காலி என்றால் எத்தனை வகை

நாலு வகையும் எழுதிப் பார்த்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. ‘காலி, ஆனால் சீல் இருக்கிறது’ என்ற வரியைப் பார்த்ததும் சூப்பர்வைசர் எழுதினார்: “அப்படி வரக்கூடாதே தம்பி. நிலைய தப்பா போட்ருப்பாங்க. நிறுத்தி ஆளை அனுப்பிப் பாக்கணும்.” இதை முன்னால் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ‘காலியா இருந்தா விட்டுடு’ என்று அவர் எழுதியதே அவருடைய முழுக் கருத்து அல்ல.

தரவுத்தளத்தின் பக்கம் வந்தால் காலி இன்னும் பெருகும். மதிப்பே இல்லாத ‘நல்’ (NULL) ஒன்று, எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் வேறு ஒன்று. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்கும். ஆரக்கிள் வெற்றுச் சரத்தை நல் ஆகவே எடுத்துக்கொள்ளும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் நல் உடன் எதை ஒப்பிட்டாலும் உண்மை, பொய் இரண்டும் வராது; தெரியாது என்றே வரும், ரோ சத்தமில்லாமல் விழுந்துவிடும். இதற்கு மேல் கேட்டில் தட்டுபவர்களின் பங்கு: ஒருவர் கோடு போடுவார், ஒருவர் சுழியம், ஒருவர் வெறும் ஸ்பேஸ், ஒருவர் ஆங்கிலத்தில் ‘நில்’ (nil). (கடைசியதைத் தமிழாகப் படித்தால் விதி சரியாகவே இருக்கிறது!) கட்டத்தைக் கட்டாயமாக்குவது மருந்து அல்ல. வரிசையில் டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது 0000 என்று தட்டிவிட்டு அனுப்புவார்கள். காலி என்று தெரிந்துகொண்டிருந்த தகவலும் அதோடு போகும். ‘சீல் இல்லை’ என்று தனியாக ஒரு டிக் கட்டம் வைத்ததுதான் வேலை செய்தது.

5 நாள் கழிச்சு

அதே குழுவில் வாடகை பற்றி வந்த செய்தி: “5 நாள் கழிச்சு ஒரு நாளைக்கு 600 போடு.” காலி விவகாரத்தின் சூடு இருந்ததால் இந்தத் தடவை பிரியும் ரோவைத் தேடினார்கள்.

‘கழிச்சு’ இங்கே பிறகு என்றும் படலாம், மொத்தத்திலிருந்து கழித்து என்றும் படலாம். அது பரவாயில்லை, இரண்டும் பல சமயம் ஒரே இடத்தில் முடியும். உண்மையான சிக்கல் வந்த நாளை எண்ணுவதா என்பதிலும், 5 தாண்டினால் தாண்டிய நாளுக்கு மட்டுமா, முதல் நாளிலிருந்தேவா என்பதிலும். 2024 மார்ச் 3 அன்று வந்த பெட்டியை வைத்துக் கணக்கிடலாம்.

மார்ச் 6 அன்று வெளியே போனால் எந்த வழியிலும் 0. மார்ச் 8 அன்று போனால்: வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ணினால் 6 நாள், 5 போக 1, ஆக 600 ரூபாய். தேதிகளை வெறுமனே கழித்தால் 5 நாள், வாடகை 0. தாண்டினால் முழுக்கவும் என்றால் 6 நாளுக்கும் சேர்த்து 3,600. மார்ச் 9 என்றால் முறையே 1,200, 600, 4,200. ஆக மார்ச் 8 ஒன்றே போதும்: மூன்று பொருளுக்கும் மூன்று விடை. “3ஆம் தேதி வந்து 8ஆம் தேதி போன பெட்டிக்கு பில் எவ்ளோ, அண்ணா? 0, 600, 3600?” என்று கேட்டதும் “600” என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கேள்வியும் பதிலும் அப்படியே ஒரு தானியங்கிச் சோதனையாக நிரலுக்குள் போனது. பின்னால் யார் அந்தப் பகுதியைத் தொட்டாலும் 600 வராவிட்டால் சிவப்பு எரியும்.

மாதக் கணக்கிலும் இதே உறவுக்காரன் ஒருவன் உண்டு. “மார்ச் 1லிருந்து 31 வரை” என்பதை எஸ்க்யூஎல்லின் ‘பிட்வீன்’ (இதிலிருந்து இதுவரை) கொண்டு எழுதினால் இரு முனையும் சேரும் என்பது சரி. ஆனால் கட்டத்தில் தேதியோடு நேரமும் இருந்தால், 31 என்பது 31ஆம் தேதி 00:00:00 என்றே எடுத்துக்கொள்ளப்படும். அன்று பகல் முழுக்க வந்த வண்டிகள் போச்சு. 2024-03-01 அல்லது அதற்குப் பின், 2024-04-01க்கு முன் என்று எழுதினால் தீர்ந்தது. தொடக்கத்தைச் சேர்த்து முடிவைச் சேர்க்காமல் விடும் இந்த வழக்கமே குழப்பம் குறைந்தது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982இலேயே ஒரு குறிப்பில் வாதிட்டிருக்கிறார்.

வெள்ளி ராத்திரி 2 மணி

யார்டுக்கு இரவு ஷிஃப்ட் உண்டு. அதில் இருப்பவர் “வெள்ளி ராத்திரி 2 மணிக்குப் போச்சு” என்று எழுதினால் அது நாள்காட்டியில் சனிக்கிழமை. தூங்கி எழுந்தால்தான் அடுத்த நாள் என்பது நம் பேச்சு வழக்கு. கணினிக்கு 00:00 ஆனதும் நாள் மாறிவிடும்.

சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால் மூன்றாவது நாள் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். இந்திய நேரம் யூடிசியை விட ஐந்தரை மணி நேரம் முந்தியது. 2024 மார்ச் 9 சனிக்கிழமை அதிகாலை 2:10 என்பது யூடிசியில் மார்ச் 8, 20:40. மேலே சொன்ன பெட்டி அந்த நேரத்துக்கு வெளியே போனால், இந்தியத் தேதிப்படி 1,200, யூடிசி தேதிப்படி 600. பிரியும் இடம் இங்கேயும் துல்லியமானது: நள்ளிரவு முதல் காலை 5:29 வரை. அலுவலக நேரத்தில் உட்கார்ந்து சோதிப்பவர் கண்ணில் இது என்றைக்கும் படாது. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு இன்னொரு கிளை: 2024-03-09 என்று தேதி மட்டும் கொடுத்தால் யூடிசி நள்ளிரவு, நேரத்தையும் சேர்த்து, மண்டலம் குறிப்பிடாமல் கொடுத்தால் அந்தக் கணினியின் உள்ளூர் நேரம்.

‘வெள்ளி நைட் 12க்கு வாராந்தர பில் ஓடணும்’ என்ற செய்திக்கும் இதே வைத்தியம். வெள்ளி பிறக்கும் 12ஆ, வெள்ளி முடியும் 12ஆ? ‘வெள்ளி 23:59’ அல்லது ‘சனி 00:05’ என்று எழுதச் சொன்னார்கள். யூடிசியில் ஓடும் கிரானுக்கு (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் நிரலுக்கு) சனி 00:05 என்பது வெள்ளி 18:35.

பழையபடி மாத்திடுங்க

சீல் சோதனையின் ஓட்டை தெரிந்த அன்று குழுவில் பதற்றம். அங்கே வந்த வாக்கியம்தான் முதல் தவறைவிட அதிக நேரம் தின்றது: “ப்ரோ, உடனே பழையபடி மாத்திடுங்க.”

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்துவைக்கும் கருவி கிட். அதில் பழையபடி மாற்றுவதற்கு ஒரே ஒரு வழி என்று இல்லை. ரிவர்ட் என்றால் தவறான மாற்றத்துக்கு நேர் எதிரான புதுக் கமிட் (மாற்றப் பதிவு) ஒன்று சேரும்; வரலாறு அப்படியே இருக்கும். ரீசெட் ஹார்டு என்றால் கிளையே, அதாவது கமிட்டுகளின் தொடரே, பின்னால் நகரும், அதைச் சர்வரில் ஏற்ற ஃபோர்ஸ் புஷ் (அங்கிருப்பதன் மேல் வலிந்து ஏற்றுவது) வேண்டும், நடுவில் மற்றவர் சேர்த்தவையும் கூடவே கழன்றுவிடும். சூப்பர்வைசர் மாதிரி நிரல் தெரியாதவர் சொல்லியிருந்தால் மூன்றாவது பொருளும் உண்டு: நேற்று இரவு எடுத்த பேக்கப்பை மீட்டு வை. அதைச் செய்தால் இன்று கேட்டில் பதிவான வண்டிகள் அத்தனையும் அழியும்.

இங்கே ரீசெட் நடந்தது, பில் புரோகிராமரின் இரண்டு கமிட் காணாமல் போயின. அவருடைய கணினியில் ரீஃப்ளாக் (கிளை நகர்ந்த தடங்களின் குறிப்பு) இருந்ததால் எடுக்க முடிந்தது. கிளையிலிருந்து அறுந்த கமிட்டுகளின் குறிப்பை கிட் இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். நடுவில் யாரும் எதையும் சேர்க்காமல் இருந்திருந்தால் ரிவர்ட்டும் ரீசெட்டும் பார்வைக்கு ஒரே நிரலைத்தான் கொடுத்திருக்கும். ஆகவே தனியாக வேலை செய்து பழகியவர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருப்பார். ரிவர்ட்டிலும் ஒரு பொறி உண்டு: ஒரு மெர்ஜை (ஒரு கிளையை இன்னொன்றோடு இணைத்ததை) ரிவர்ட் செய்துவிட்டுப் பின்னால் அதே கிளையை மறுபடி மெர்ஜ் செய்தால், ரத்தான மாற்றங்கள் திரும்பி வராது. ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும்.

நிரல் எந்த வழியில் பின்னால் போனாலும், ஏற்கெனவே கொடுத்த கேட் பாஸ்கள் பின்னால் போவதில்லை. சரக்கு, சீல் இல்லை என்ற ரோக்களைத் தனியே எடுத்து, ரிஜிஸ்டரோடு ஒவ்வொன்றாக ஒப்பிடும் வேலை மனிதர் கைக்கே வந்தது.

ஆங்கிலத்துக்கு மாறினால்?

குழுவில் வந்த முதல் யோசனை, இனி ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது. எடுபடவில்லை, எடுபட்டிருந்தாலும் பயனில்லை. யார்டில் பாதிப் பேர் ‘எம்ப்டி’ என்றே சொல்கிறார்கள், நிரலிலும் எம்ப்டி என்று ஒன்று இருக்கிறது. ‘ஸ்கிப்’ சோதனைக்கும் பொருந்தும், ரோவுக்கும் பொருந்தும். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த இணையத் தரநிலைக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை தீரவில்லை. தரநிலைகளில் வரும் மஸ்ட் (must), ஷுட் (should), மே (may) என்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று 1997இல் ஆர்எஃப்சி 2119 என ஒரு ஆவணமே போட்டார்கள். பெரிய எழுத்தில் எழுதினால்தான் அந்தப் பொருள் என்று 2017இல் ஆர்எஃப்சி 8174 மூலம் மறுபடி தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது, அந்த வழி நமக்கு அடைப்பு. ‘சீல் இல்லாமலும் விடலாம்’ என்றால் அனுமதியா, யோசனையா, அப்படி நடக்கக்கூடும் என்ற எச்சரிக்கையா? இதற்காகக் குழு ‘-லாம்’ என்ற ஈற்றையே விதிகளில் விலக்கிவைத்தது: ‘விடு’ அல்லது ‘நிறுத்து’.

தமிழுக்கே உரிய ஒரு இடறலையும் சொல்ல வேண்டும். ‘சீல் இல்லாத 20 அடி, 40 அடி பெட்டி’ என்றால் சீல் இல்லாதது 20 அடிப் பெட்டி மட்டுமா, இரண்டுமா? இதைச் சொல்வரிசைப்படியே எஸ்க்யூஎல்லில் எழுதினால் இன்னும் மோசம். ‘ஆண்ட்’ (AND, மற்றும்), ‘ஆர்’ (OR, அல்லது) இரண்டில் ஆண்ட் முதலில் இறுகும். ‘சீல் நல் ஆண்ட் அளவு 20 ஆர் அளவு 40’ என்பது சீல் உள்ள 40 அடிப் பெட்டிகளையும் இழுத்து வந்துவிடும். அடைப்புக்குறி போட்டால் நிரலில் தீரும். செய்தியில் அடைப்புக்குறியை யாரும் போடுவதில்லை, ஆகவே அளவுக்கு ஒரு வரியாகப் பிரித்து எழுதச் சொன்னார்கள்.

சொல் அகராதி ஒன்றும் தயாரித்துப் பார்த்தார்கள். நீளமாகப் போனதும் யாரும் திறக்கவில்லை. நிலைத்தவை மிகச் சில: பதில் போடும்போது கேள்வியை அழுத்திப் பிடித்து அதற்கே பதில் கொடுப்பது, தேதியை 2024-03-09 என்றே எழுதுவது (09/03 செப்டம்பராகவும் படும்), ‘முடிச்சிட்டேன்’ என்று சொல்லாமல் எழுதியாச்சு, சோதிச்சாச்சு, மெர்ஜ் ஆச்சு, யார்டு சர்வர்ல ஏத்தியாச்சு என்ற நாலில் ஒன்றைச் சொல்வது.

சூப்பர்வைசர் மட்டும் இதற்குள் வரவில்லை. கேட்டில் நின்றுகொண்டு தமிழில் தட்ட அவருக்கு நேரமில்லை, குரல் செய்தி அனுப்புவார். அதைக் கேட்டவர் உடனே பிரியும் ரோக்களை எண் போட்டுத் தட்டி அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. சீல் விவகாரத்தில் போனவை நாலு வரி: 1. சரக்கு, சீல் உண்டு, விடு. 2. சரக்கு, சீல் இல்லை, நிறுத்து. 3. காலி, சீல் இல்லை, விடு. 4. காலி, சீல் உண்டு, நிறுத்து. கட்டைவிரல் குறி செல்லாது, வெறும் ‘சரி’யும் செல்லாது, கேட்டேன் என்பதற்கும் ஒப்புக்கொண்டேன் என்பதற்கும் அதே சொல்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் நேராகப் பதில் வர வேண்டும். ‘1 சரி 2 சரி 3 சரி 4 சரி, ஆனா 4க்கு கேட்ல ஆள் போட்டோ எடுக்கணும்’ என்று பதில் வந்தது. போட்டோ கட்டம் இப்போது ஐந்தாவது கேள்வியாகத் திறந்திருக்கிறது: எடுக்காவிட்டால் நிறுத்துவதா, எச்சரித்துவிட்டு விடுவதா என்று இன்னும் எழுதி வரவில்லை.